ஜாக்சன் ரிவ்யூ: திட்டிக்கிட்டே நாலு வருஷமா யூஸ் பண்றேன்
ஓஎம்ஆர்ல துரைப்பாக்கம் பக்கம் ஒரு ஆபீஸ்ல ஜாவா பேக்எண்ட் வேலை, எல்லாமே ஸ்பிரிங் பூட்ங்குற ஜாவா ஃபிரேம்வொர்க்ல. ஜாக்சன்ங்குறது ஜாவா ஆப்ஜெக்ட்டை ஜேசன் (JSON) டெக்ஸ்டாவும், ஜேசனை திரும்ப ஆப்ஜெக்ட்டாவும் மாத்துற லைப்ரரி. ஸ்பிரிங் பூட்டோட வெப் ஸ்டார்ட்டர் பேக்கேஜைப் போட்டாலே அது கூடவே வந்துடும், சாப்பாட்டோட அப்பளம் மாதிரி, யாரும் கேட்டு வாங்குறதில்ல. அதனாலயே அதை ஒழுங்கா படிச்சவங்களும் கம்மி.

போன மழை சீசன்ல ஒரு ரிலீஸ். மொபைல் டீம் பையன் லேப்டாப்ப தூக்கிட்டு வந்து "ண்ணா, டெலிவரி தேதி என்னண்ணா இப்படி வருது"ன்னு காட்டுறான். 2024-11-30ன்னு வர வேண்டிய எடத்துல [2024,11,30]ன்னு அர்ரேவா நிக்குது. ஆப் கிராஷ். ஜாக்சன் மேல தான் எல்லாரும் பாய்ஞ்சோம், தேடிப்பாத்தா ஒரு சர்வீஸ் மெத்தட்குள்ள புதுசா ஒரு ஆப்ஜெக்ட்மேப்பர் (ஜாக்சன்ல இந்த மாத்துற வேலையைச் செய்யுறது இதான்) உருவாக்கி, தேதிக்கான ஜாவா டைம் மாட்யூலை மட்டும் சேத்து விட்டிருக்கோம். ஸ்பிரிங் பூட் தர்ற மேப்பர்ல தேதியை டைம்ஸ்டாம்ப்பா, அதாவது நம்பரா எழுதுற செட்டிங் ஆஃப்ல இருக்கும், ஜாக்சன் 2ல நாமளா உருவாக்குனா அது ஆன். இதுல இன்னொரு கூத்து, மேப்பர் ஒவ்வொரு கிளாஸையும் ஒரு தடவ அலசி உள்ள கேஷ் பண்ணி வச்சுக்கும், நாம ரிக்வெஸ்ட்டுக்கு ஒண்ணு புதுசா போட்டா அந்த உழைப்பு மொத்தமும் ஒவ்வொரு தடவையும் குப்பைக்கு. ஸ்பிரிங் ஏற்கனவே உருவாக்கி வச்சிருக்குற மேப்பரையே (பீன்) வாங்கி யூஸ் பண்ணோம், ரெண்டும் ஒண்ணா தீந்துச்சு.

அடுத்து என்டிட்டிய, அதாவது டேட்டாபேஸ் டேபிளுக்கான கிளாஸை, அப்படியே ரிட்டர்ன் பண்ற பழக்கம். கஸ்டமருக்குள்ள ஆர்டர், ஆர்டருக்குள்ள மறுபடி கஸ்டமர், சுத்திக்கிட்டே போய் எரர்ல நிக்கும். இந்த ஃபீல்டை விட்டுடுன்னு சொல்ற ஜேசன் இக்னோர் போட்டா சுத்துறது நிக்கும் தான், ஆனா லேசியா (கேட்டா மட்டும் லோட் ஆகுற மாதிரி) இருக்குற மத்த லிஸ்ட்டை ஜாக்சன் கெட்டர் மெத்தட் வழியா தொடும்போது, டேட்டாபேஸ் வேலையைப் பாத்துக்குற ஹைபர்நேட் லைப்ரரி ஒவ்வொண்ணுக்கும் டேட்டாபேஸுக்கு ஓடும், 50 கஸ்டமருக்கு 51 க்வெரி. ஸ்கிரீனுக்கு தேவையான நாலு ஃபீல்டோட ஒரு ரெக்கார்ட் (டேட்டாவை மட்டும் வச்சிருக்குற சின்ன ஜாவா கிளாஸ்) எழுதி அதை அனுப்புங்க. ஜாக்சன் 2.12லேந்து ரெக்கார்டுக்கு சப்போர்ட் இருக்கு.

டிபெண்டன்சி, அதாவது ப்ராஜெக்ட் நம்பியிருக்குற லைப்ரரிகளோட கதை தான் பெரிய தலைவலி. திடீர்னு நோ சச் மெத்தட் எரர், கம்பைல்ல ஒண்ணும் இல்ல, ஓடும்போது மட்டும். பில்ட் டூல் மேவன்ல டிபெண்டன்சி ட்ரீ எடுத்து பாத்தா, ஜாக்சனோட பாகங்கள்லயே கோர் ஒரு வெர்ஷன், டேட்டாபைண்ட் அதைவிட பழசு. எப்பவோ ஒருத்தர் பாம் ஃபைல்ல (மேவனோட லைப்ரரி லிஸ்ட்) டேட்டாபைண்டுக்கு மட்டும் வெர்ஷன் நம்பர் அடிச்சு வச்சிருக்காரு. ஸ்பிரிங் பூட்டே எல்லாத்துக்கும் பொருந்துற வெர்ஷன் வச்சிருக்கு, நாம நம்பர் போடாம இருந்தாலே போதும், அந்த ஒரு லைனை அழிச்சோம், முடிஞ்சுது. அதே ட்ரீல கூகுளோட ஜேசன் லைப்ரரி ஜிசானும் (Gson) இருந்துச்சு, யாருக்கும் எதுக்குன்னு தெரியல. ஜிசான் கெட்ட லைப்ரரி இல்ல, சின்னது, ஆனா மெயின்டெனன்ஸ் மோட்ல இருக்கு, நாங்க வச்சிருந்த வெர்ஷன்ல, ஜாவா 17ல லோக்கல்டேட்டை (ஜாவாவோட தேதி டைப்) அதை மாத்துற அடாப்டர் எழுதாம குடுத்தா எக்ஸப்ஷன் தான். ஒரு ப்ராஜெக்ட்டுக்கு ஒரு ஜேசன் லைப்ரரி போதும்பா.

மைனஸ்? டீஃபால்ட் டைப்பிங்ங்குற வசதி. அதை ஆன் பண்ணா, வெளிலேந்து வர்ற ஜேசன்ல இருக்குற கிளாஸ் பேரை நம்பி ஆப்ஜெக்ட் உருவாக்கும், 2017லேந்து வரிசையா செக்யூரிட்டி ஓட்டை வந்ததுக்கு இதான் காரணம், ஆன் பண்ணாதீங்க. செட்டிங்கும் ஏகப்பட்டது, எது டீஃபால்ட்ல ஆன், எது ஆஃப்னு மனப்பாடம் பண்ண முடியாது. அதுக்கு ஒரு ஸ்டார் கட், 5க்கு 4.

ஸ்பிரிங் பூட் 4ல ஜாக்சன் 3 வந்துடுச்சு, பேக்கேஜ் பேரே டூல்ஸ் டாட் ஜாக்சன்னு மாறியாச்சு, அனோட்டேஷன் மட்டும் பழைய பேர்லயே இருக்கு. தேதியும் இப்ப டீஃபால்ட்டாவே ஒழுங்கா ஸ்ட்ரிங்கா வருது. எங்க டீம்ல மாத்துற வேலை என் தலைல தான் விழுந்திருக்கு, இன்னிக்கு முழுக்க இம்போர்ட் லைன் மாத்திட்டு இருக்கேன்.