செக் நாட்டின் இரு அணுஉலைப் பாதைகள்

டுகோவனியில் இரண்டு பெரிய உலைகள் கட்ட 2025 ஜூனில் தென்கொரிய நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆனது. ஒவ்வொன்றும் சுமார் 1,000 மெகாவாட். டெமலினில் முதல் சிறு உலையை அமைக்கத் திட்டம். அதற்கு செக் மின் நிறுவனமான செஸ் தேர்ந்தெடுத்தது ரோல்ஸ் ராய்ஸின் 470 மெகாவாட் வடிவமைப்பை.

'சிறு' என்ற சொல்லை நம்பிவிட வேண்டாம். டுகோவனியில் 1980களிலிருந்து ஓடும் பழைய உலைகள் 440 மெகாவாட் வகையைச் சேர்ந்தவைதான்!

பெரிய உலையின் நோய் தாமதம். பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ 3-இன் கட்டுமானம் 2005-இல் தொடங்கியது. 2009-இல் முடிய வேண்டியது, 2023-இல்தான் முழுமையாக இயங்கியது. ஆனாலும் இன்று அது 1,600 மெகாவாட் தருகிறது.

சரி, சிறு உலை? பாகங்களைத் தொழிற்சாலையில் செய்து, தளத்தில் பொருத்துவதுதான் அதன் பலம். ஆனால் ஒரே வடிவமைப்பில் பல உலைகளுக்கு ஆர்டர் வந்தால்தான் செலவு குறையும். ரோல்ஸ் ராய்ஸ் வடிவமைப்பில் இன்னும் ஓர் உலைகூட ஓடவில்லை. நிலக்கரியை விரைவில் கைவிட வேண்டிய நாட்டுக்கு இது எனக்குக் கவலை தருகிறது. இப்போதைக்கு என் தேர்வு டுகோவனிதான்.