கும்பகோணத்தில் ஸ்டார் வார்ஸ் கேக் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மே 4 ஸ்டார் வார்ஸ் என்ற ஆங்கில விண்வெளிப் படங்களின் ரசிகர்களுக்குத் திருநாள். நமக்கோ பெரும்பாலும் அன்றுதான் அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. அந்த வெயிலையே சாக்காக வைத்துக் கும்பகோணத்தில் ஒரு கேக் கடை என் தலையில் மிளகாய் அரைத்துவிட்டது.

என் தங்கை மகனுக்கு அந்தப் படங்கள் என்றால் உயிர். 1977-இல் வந்த முதல் படம் தொடங்கி எல்லாவற்றிலும் கதாநாயகன் ஆர்-டூ டீ-டூ என்ற குட்டி ரோபோதான் என்று வாதாடுவான். அவன் பிறந்தநாளும் மே மாதத்தில்தான். கடைக்காரர் கைபேசியில் ஒரு படம் காட்டினார். வெள்ளை உடம்பு, நீலப் பட்டைகள், வெள்ளிநிற மொட்டைத் தலை என்று நின்ற வாக்கில் முழு ரோபோவே கேக்காக இருந்தது. "எங்கள் கைவேலைதான் அக்கா, இதே மாதிரி செய்து பாபநாசத்துக்கே அனுப்பிவிடுகிறேன்" என்றார். ஃபாண்டன்ட் (கேக்கின் மேல் போர்த்தும் சர்க்கரை மாவு) வேலை என்று சொல்லி 4,500 ரூபாயையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்.

வந்த பெட்டியைத் திறந்தால் சாதாரண வட்டக் கேக். விப்பிங் கிரீம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. மேலே ரோபோவின் படம் அச்சிட்ட சர்க்கரைத் தாள் ஒன்று. ஈரத்தில் நீலம் கசிந்து கிரீமில் கோடு கோடாக இறங்கியிருந்தது. ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை, சுற்றிலும் வெள்ளிப் பொடி.

தொலைபேசியில் கேட்டால், "இந்த வெயிலில் ஃபாண்டன்ட் வியர்த்துவிடும் அக்கா, உங்கள் நல்லதுக்குத்தான் மாற்றினேன்" என்கிறார். வியர்க்கும் என்பது உண்மைதான். சர்க்கரை மாவாயிற்றே, காற்றின் ஈரத்தை இழுக்கும், குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்தால் முத்து முத்தாக நீர் பூக்கும். விப்பிங் கிரீமின் மேல் போர்த்தினால் இளகியே போகும். அதனால்தான் தொழில் தெரிந்தவர்கள் அடியில் கனாஷோ (சாக்லேட்டும் கிரீமும் கலந்த பூச்சு) வெண்ணெய்க் கிரீமோ பூசுகிறார்கள், உயரமான கேக்குக்கு உள்ளே குச்சி நிறுத்துகிறார்கள், குளிரூட்டிய அறையில் வேலை செய்கிறார்கள். டெல்டாவில் மே மாதம் சுடும் என்பது பணம் வாங்கிய அன்று தெரியாதா? ஃபாண்டன்ட் வேண்டாம் என்றால் ஃபாண்டன்டுக்கான விலை மட்டும் எதற்கு?

அவர் காட்டிய படத்தை இணையத்தில் தேடினேன். வெளிநாட்டுக் கலைஞர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன்பே தம் பக்கத்தில் போட்டது. மூலையில் இருந்த அவர் பெயரை மட்டும் வெட்டியிருக்கிறார்கள்.

பணத்தைவிட எனக்குக் கோபம் அந்த வெள்ளிப் பொடி மேல்தான். பையன் விரலில் ஒட்டியது சோப்புப் போட்டும் போகவில்லை. கடைக்கே போய் டப்பாவைக் காட்டச் சொன்னேன். 'நச்சற்றது, அலங்காரத்துக்கு மட்டும்' என்று அச்சடித்திருக்கிறது. உணவு உரிம எண்ணும் இல்லை, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலும் இல்லை. நச்சற்றது என்றால் தின்னலாம் என்று பொருளாகிவிடாது. 2018-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் பிறந்தநாள் கேக்கில் பூசிய இப்படிப்பட்ட மினுமினுப்புப் பொடியால் 6 குழந்தைகள் வாந்தியெடுத்தார்கள். பரிசோதித்ததில் அதில் செம்பு இருந்தது. "மேலே வழித்துவிட்டுச் சாப்பிடலாமே" என்ற உறவினர் குரலையும் மீறி, முழுக் கேக்கையும் குப்பையில் போட்டோம். பையன் பொம்மையை மட்டும் கழுவி எடுத்துக்கொண்டான்.

ஆர்டர் கொடுக்கிறவர்கள், கடைக்காரரே செய்து முடித்த கேக்கின் காணொளியைக் கேளுங்கள், படத்தை நம்பாதீர்கள். ரசீதில் ஃபாண்டன்டா கிரீமா, உருவமா அச்சுத் தாளா என்று எழுதி வாங்குங்கள். கடையின் 14 இலக்க உணவு உரிம எண் அதில் இருக்க வேண்டும். என் ரசீதில் 'தீம் கேக், 2 கிலோ' என்பதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை. பாதிப் பணமாவது கொடுங்கள் என்றதற்கு, அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்வதாகச் சொல்கிறார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன், டப்பாவின் படத்தோடு.