சுற்றுப்பாதை இயக்கவியல் வகுப்பில் ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’: சில வருட அனுபவம்

விண்வெளிப் பொறியியல் மாணவர்களுக்குச் சுற்றுப்பாதை இயக்கவியல் எடுக்கிறேன். ராக்கெட்டைப் பாகம் பாகமாகக் கோத்து ஏவும் இந்தக் கணினி விளையாட்டைச் சில வருடங்களாகவே பாடத்தோடு சேர்த்து நடத்துகிறேன். மற்ற கல்லூரிகளிலும் தாராளமாக முயன்று பார்க்கலாம்.

இதன் அருமை தெரிவது, இரண்டு கலங்களைச் சந்திக்க வைக்கும் பயிற்சியில்தான். மாணவர்கள் முன்னால் போகும் கலத்தைப் பார்த்துத் தங்கள் கலத்தின் மூக்கைத் திருப்பி, எஞ்சினை முழுதாகத் திறந்துவிடுவார்கள். இடைவெளி கொஞ்சம் குறையும், அப்புறம் கூடிக்கொண்டே போகும். வேகம் கூடினால் பாதை உயரும். உயர்ந்த பாதையில் ஒரு சுற்றுக்கு அதிக நேரம் பிடிக்கும். எட்டிப் பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்க வேண்டும். 1965இல் நாசாவின் ஜெமினி 4 கலத்தில் சென்ற விண்வெளி வீரர் ஜேம்ஸ் மெக்டிவிட்டும் தன் ராக்கெட்டின் எரிந்து முடிந்த அடுக்கை இப்படித்தான் நேராகத் துரத்தி, எரிபொருளைச் செலவழித்த பின் கைவிட்டார். இந்தக் கதையை மாணவர்கள் முயன்று பார்த்த பிறகுதான் சொல்வேன். அதன்பின் சுற்றுக்கால வாய்ப்பாட்டைப் பலகையில் எழுதினால் கடைசி பெஞ்சும் கவனிக்கிறது.

எஞ்சின் தேர்விலும் இப்படித்தான். விளையாட்டில் வரும் ‘டெரியர்’ எஞ்சினின் தன்னுந்தம் (எரிபொருளை எவ்வளவு சிக்கனமாக உந்துவிசையாக்குகிறது என்பதன் அளவு) வெற்றிடத்தில் 345 வினாடி. அந்த எண்ணை மட்டும் பார்த்து முதல் அடுக்கில் மாட்டி ஏவினால், தீ வரும், ராக்கெட் நகராது. தரைமட்டக் காற்றழுத்தத்தில் அது வெறும் 85 வினாடி. நாசில் (எஞ்சினின் புகை வெளியேறும் கூம்பு) விரிவு பற்றி விளக்க இதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

2013இல் மங்கள்யான் ஏன் பூமியையே பலமுறை சுற்றிப் பாதையை உயர்த்திக்கொண்டது என்பதையும் செய்து பார்க்கச் சொல்வேன். சிறிய எஞ்சினை வைத்துக்கொண்டு, பூமிக்கு மிக அருகே வரும்போது மட்டும் தவணை தவணையாக எரிப்பதன் லாபம் கண்முன் தெரிந்துவிடும்.

சரி, குறைகள். இதில் கலத்தின் மீது ஒரு நேரத்தில் ஒரே வான்பொருளின் ஈர்ப்புதான் செயல்படும். எனவே, சூரியன், பூமி போன்ற இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து கலத்தை அவற்றோடு ஒரே நிலையில் வைத்திருக்கும் லாக்ராஞ்சு புள்ளிகளே கிடையாது. அப்படியொரு புள்ளிக்குப் போன ஆதித்யா எல்1 கலத்தின் பாதையைப் பாடமாக நடத்த நாசாவின் இலவச ஜிமேட் மென்பொருளுக்குத்தான் போக வேண்டும். விளையாட்டின் கெர்பின் கோள் வெறும் 600 கிமீ ஆரம் கொண்டது. தாழ்பாதை வேகம் நொடிக்குச் சுமார் 2.3 கிமீ, பூமிக்கோ 7.8. அந்த எண்கள் மனதில் ஒட்டிவிடாதபடி, அதே கணக்கைப் பூமிக்கும் அன்றே போடச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே விளையாடிப் பழகியவர்களிடம் மவுஸைக் கொடுக்காதீர்கள். அவர்கள் எண்களைப் படித்துச் சொல்லட்டும். நிலவில் இறங்கியதற்கு நான் மதிப்பெண் தருவதில்லை. ஏவுவதற்கு முன் போட்ட கணக்குக்கும், அந்தக் கணக்கு உண்மையில் நடந்ததிலிருந்து ஏன் வேறுபட்டது என்று விளக்குவதற்கும்தான் தருகிறேன். லேபில் பழைய கணினிகள்தான் என்றால் பாகங்கள் குறைந்த ராக்கெட்டாகக் கட்டச் சொல்லுங்கள். பாகங்கள் கூடக் கூடத்தான் விளையாட்டு திணறும்.