பிபிஎஃப்பா, என்பிஎஸ்ஸா? நான் ஏன் பிபிஎஃப் பக்கம் சாய்ந்தேன்

சொந்தத் தொழில் செய்பவனுக்கு பி.எஃப். பிடிக்க முதலாளி கிடையாது. 60-க்குப் பிறகு மாதாமாதம் கைக்குக் காசு வர நானேதான் வழி பண்ணிக்கொள்ள வேண்டும். அதற்காக பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி), என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) இரண்டிலும் பல வருடங்களாகப் போட்டுவந்தேன். ஆடிட்டர் "புதிய வரிமுறைக்கு மாறிடுங்க, உங்களுக்கு அதுதான் லாபம்" என்று சொன்ன அன்றுதான் இரண்டின் கணக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிபிஎஃப்தான் என்று முடிவானது.

எல்லோருக்கும் தெரிந்ததை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். பிபிஎஃப் அரசின் கையில் இருப்பது; வட்டி 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம், வருடத்துக்கு 1.5 லட்சத்துக்கு மேல் போட முடியாது, 15 வருடம் பூட்டு. என்பிஎஸ் சந்தையோடு ஏறி இறங்கும். நிர்வாகக் கட்டணம் மிகக் குறைவு, போடும் தொகைக்கு உச்சவரம்பு இல்லை. நீண்ட காலத்தில் பங்குச்சந்தைப் பணம் அதிகம் வளர வாய்ப்பு உண்டு என்பதை நானும் மறுக்கவில்லை.

பிப்ரவரி, மார்ச் வந்தால் நாம் எல்லோரும் பார்ப்பது ஒன்றைத்தான்: போட்டால் எவ்வளவு வரி மிச்சம்? நானும் அப்படித்தான் என்பிஎஸ்ஸில் நுழைந்தேன். பழைய வரிமுறையில் சேமிப்புகளுக்குக் கிடைக்கும் 80சி வரிக்கழிவு போக, என்பிஎஸ்ஸுக்கென்று தனியாக 50,000 ரூபாய்க்குக் கழிவு உண்டு. 20 சதவீத வரி, செஸ் எல்லாம் சேர்த்தால் எனக்கு வருடம் 10,400 ரூபாய் மிச்சம். புதிய வரிமுறையில் அந்தக் கழிவும் இல்லை, 80சி-யும் இல்லை. உள்ளே போகும்போது கிடைத்த சலுகை இரண்டுக்குமே போய்விட்டது. மிச்சம் இருப்பது, பணம் வெளியே வரும்போது என்ன ஆகிறது என்ற கேள்வி மட்டும்தான். நான் அதிக நேரம் செலவழித்ததும் அதில்தான்.

பிபிஎஃப்பில் வட்டிக்கும் வரி இல்லை, முதிர்வுத் தொகைக்கும் வரி இல்லை. எந்த வரிமுறையில் இருந்தாலும் இதில் மாற்றமில்லை. 20 சதவீத வரி கட்டுபவருக்கு இந்த 7.1, ஏறக்குறைய 9 சதவீதம் தரும் எஃப்டிக்குச் சமம். ஒவ்வொரு ஏப்ரல் தொடக்கத்திலும் 1.5 லட்சம் போட்டு, வட்டியும் இப்படியே இருந்தால், 15 வருடத்தில் 40.68 லட்சம். இதில் நாம் போட்டது 22.5 லட்சம்.

பலரும் கவனிக்காத விஷயம் அதற்குப் பிறகுதான் வருகிறது. 15 வருடம் முடிந்ததும் கணக்கை மூடியே ஆக வேண்டும் என்பதில்லை. புதிதாகப் பணம் போடாமல் அப்படியே விட்டால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். நிதியாண்டுக்கு ஒருமுறை வேண்டிய தொகையை எடுத்துக்கொள்ளலாம். என் சித்தப்பா இதைத்தான் செய்கிறார். ஏப்ரல் பிறந்ததும் பாஸ்புக்கோடு தபால் நிலையம் போய், போன வருட வட்டியை மட்டும் எடுத்துச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுவார். பாஸ்புக்கின் பின்னட்டையில் அதைப் பென்சிலால் பன்னிரண்டாக வகுத்து எழுதி வைத்திருப்பார். மேலே சொன்ன 40.68 லட்சத்துக்கு இன்றைய வட்டியில் கணக்குப் போட்டால் வருடம் சுமார் 2.88 லட்சம், மாதம் 24,000. முதல் கரையாது, வரியும் கிடையாது.

என்பிஎஸ்ஸில் 60 வயதில் ஒரு பகுதியைக் கட்டாயமாக ஆனுவிட்டியில், அதாவது மொத்தமாகப் பணம் கொடுத்துப் பென்ஷன் வாங்கும் காப்பீட்டுத் திட்டத்தில், போட வேண்டும். நான் சேர்ந்தபோது அது 40 சதவீதம். அரசு ஊழியர் அல்லாதவர்களுக்கு 2025 டிசம்பரில் 20 சதவீதமாகக் குறைத்தார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் கையில் வாங்கும் தொகைக்கு அப்போது சட்டத்தில் இருந்த வரிவிலக்கு மொத்தச் சேமிப்பில் 60 சதவீதம் வரைதான். விதி தளர்ந்த அளவுக்கு வரி தளரவில்லை. ஆனுவிட்டியிலிருந்து வரும் பென்ஷன் வருமானமாகவே கணக்காகும், அவரவர் வரி வரம்புக்கு ஏற்ப வரி உண்டு. விலைவாசியோடு ஏறாத சாதாரண வகையை எடுத்தால் 60 வயதில் வாங்கிய அதே தொகைதான் 80 வயதிலும் வரும். பிபிஎஃப் வட்டியும் விலைவாசியோடு ஏறாது என்று நீங்கள் கேட்கலாம். சரிதான், ஆனால் அங்கே முதல் என் கையில் இருக்கிறது. ஒரு வருடம் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்வேன்.

நடுவில் அவசரம் வந்தாலும் இதே கதைதான். பிபிஎஃப்பில் 7-வது நிதியாண்டிலிருந்து ஒரு பகுதியை எடுக்கலாம், காரணம் கேட்க மாட்டார்கள். என்பிஎஸ்ஸில் குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டும், அதுவும் நாம் போட்ட பணத்தில் 25 சதவீதம் வரை.

பிபிஎஃப்பில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. 1990-களில் 12 சதவீதம் கொடுத்த திட்டம் இது, இன்று 7.1, நாளை இன்னும் இறங்கலாம். 5-ம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் நடுவே இருக்கும் குறைந்தபட்ச இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. ஒரு வருடம் சோம்பல்பட்டு ஏப்ரல் 6-ம் தேதி 1.5 லட்சம் போட்டதில் எனக்கு 887 ரூபாய் போயிற்று. 15 வருடம் என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: கணக்குத் தொடங்கிய நிதியாண்டின் முடிவிலிருந்துதான் எண்ணுவார்கள். 2013 ஆகஸ்டில் தொடங்கிய எனக்கு 2029 ஏப்ரலில்தான் கைக்கு வரும்.

சம்பளக்காரர்களுக்கு நான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். நிறுவனமே என்பிஎஸ்ஸில் பங்கு போட்டால், அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படியில் 14 சதவீதம் வரை புதிய வரிமுறையிலும் கழிவு உண்டு. என் மைத்துனனுக்கு அந்த வசதி இருக்கிறது, அவன் என்பிஎஸ்ஸை விடக் கூடாது என்றுதான் நானே சொன்னேன். 30 வயதுக்காரருக்கும் கணக்கு வேறாக வரலாம். 30 வருடம் பங்குச்சந்தையில் ஓடும் பணத்தை 7.1 எட்டிப் பிடிக்குமா என்பது சந்தேகம். எனக்கு 46. தவிர, என்பிஎஸ்ஸிலிருந்து வெளியேறிப் பார்த்த அனுபவமும் எனக்கு இல்லை, ஆனுவிட்டி பற்றிச் சொன்னதெல்லாம் விதிகளைப் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதுதான்.

என்பிஎஸ் கணக்கை மூடவில்லை. முன்கூட்டியே மூடினால் 80 சதவீதத்தை ஆனுவிட்டிக்குக் கொடுக்கச் சொல்வார்கள். போட்ட பணம் அங்கேயே வளரட்டும் என்று, வருடம் 1,000 ரூபாய் மட்டும் கட்டிக் கணக்கை உயிரோடு வைத்திருக்கிறேன்.