அறையா, வகுப்பறையா: மின்னணு நடன இசையை எங்கே கற்பது?

முதல் இரண்டு வருடம் வீட்டில் தனியாக; அடுத்த மூன்று வருடம் பல்கலைக்கழகத்தில். மின்னணு நடன இசையை நான் கற்றது இப்படித்தான். எந்த வழி நல்லது என்று கேட்பவர்களிடம் இரண்டும் நல்லதுதான் என்று மழுப்பலாம். எனக்கு அது வராது. பல்கலைக்கழகத்தின் பக்கம்தான் என் சாய்வு. அதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான், பட்டச் சான்றிதழ் அதில் சேராது.

எல்லோருக்கும் தெரிந்த சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். வீட்டில் கற்றால் செலவு குறைவு. உங்களுக்குப் பிடிக்காத பாடத்தை யாரும் திணிப்பதில்லை. மென்பொருளும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். 2001-இல் வந்த ஏபிள்டன் லைவ் மடிக்கணினியில் எப்படித் திறக்கிறதோ அப்படியேதான் பெரிய ஸ்டுடியோவிலும் திறக்கிறது. கிக் என்ற முரசடி விழும்போதெல்லாம் பேஸ் என்ற தாழ்ந்த ஒலி சற்று ஒதுங்கி வழிவிடுகிறதே, அந்த சைட்செயின் உத்தியை ஒரு மாலைப் பொழுதில் காணொளி பார்த்தே கற்றுக்கொள்ளலாம். பாடத்திட்டம் என்பது நடனத் தளத்துக்குச் சில வருடம் பின்னால்தான் ஓடிவரும். கட்டுரை வேறு எழுத வேண்டும்.

பயிற்சி நேரத்திலும் வீடுதான் வெல்கிறது. டிஜே கலை பாதி விரலில் இருக்கிறது. 126 வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 126 துடிப்பில், ஓடும் பாட்டை 128-க்கு ஏற்ற வேண்டுமானால் ஏறத்தாழ 1.6 சதவீதம் கூட்ட வேண்டும். திரையைப் பார்க்காமல் காதாலேயே அதைப் பிடிக்க நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆகும். 128 வேகத்தில் 32 பார் (ஒரு பாருக்கு நான்கு துடிப்பு) என்பது சரியாக ஒரு நிமிடம். அந்த நிமிடம் எப்போது முடிகிறது என்பதை எண்ணிப் பார்க்காமலே உடம்பு அறிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் டெக் என்ற டிஜே கருவியின் முன்னால் நிற்க முன்பதிவுத் தாளில் பெயர் எழுதிக் காத்திருந்தோம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தால் யோகம். வீட்டில் ஒரு சின்ன கண்ட்ரோலர் இருந்தாலே போதும், விடிய விடியப் பழகலாம்.

அப்படியானால் பல்கலைக்கழகம் எதற்கு? அறைக்காக. அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் காதுகளுக்காக.

முதல் பருவத்தின் இரண்டாம் வாரம். வீட்டில் நான்கு மாதம் இழைத்த பாட்டை வகுப்பில் போட்டேன். இருபது நொடிகூட ஆகவில்லை. பேஸ் கூடத்தையே விழுங்கிவிட்டது. கிக் எங்கே விழுகிறது என்றே தெரியவில்லை. முன்வரிசையில் ஒருவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். ஒலிபெருக்கியில்தான் கோளாறு என்று நினைத்தேன். ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் அறையின் நீளம் என்ன?"

மூன்றரை மீட்டர். அவர் பலகையில் கணக்குப் போட்டார். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. மூன்றரை மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 49 ஹெர்ட்ஸ் ஒலி மாட்டிக்கொண்டு நிலையலையாக நின்றுவிடும். சுவரோரம் அது வீங்கும், அறையின் நடுவில் வற்றிவிடும். என் நாற்காலி இருந்தது நட்ட நடுவில். என் பாட்டு ஜி மைனரில்; பேஸ் வந்து உட்காரும் தாழ்ந்த ஜி சுரத்தின் அதிர்வெண் 49 ஹெர்ட்ஸ். நான் உட்கார்ந்த இடத்தில் மட்டும் அந்தச் சுரம் இல்லவே இல்லை! காதில் விழவில்லையே என்று ஆறு டெசிபல் ஏற்றி வைத்திருக்கிறேன். நான்கு மாதமும் பாட்டைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டு அறையின் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நிலையலையைப் பற்றி நான் படிக்காதவனல்ல. நாற்காலியைத் தள்ளிப் போடச் சொல்லும் காணொளிகளைப் பார்த்தவன்தான். ஆனால் அது அடுத்தவர் வீட்டு நோய் என்று நினைத்திருந்தேன். ஹெட்போன் போட்டுக்கொண்டால் சுவரின் தொல்லை இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், பலர் அப்படித்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் நடன இசையின் பேஸ் காதுக்கு மட்டும் ஆனதல்ல, நெஞ்சுக்கூட்டுக்கும் ஆனது. அந்தப் பாதியை ஹெட்போன் சொல்லாது.

காதுகளின் கதை இதைவிட முக்கியம். வாரம் ஒருமுறை கேட்பு வகுப்பு நடக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்போம். விதி ஒன்றுதான்: பாட்டைச் செய்தவர் வாயைத் திறக்கக் கூடாது. "நான் என்ன நினைத்தேன் என்றால்..." என்று விளக்கம் சொல்ல முடியாது. ஒருமுறை ஒரு சக மாணவி சொன்னார்: "இரண்டாவது டிராப்புக்கு முன்னால் நான் தொலைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டேன்." டிராப் என்பது ஏறிக்கொண்டே போன பாட்டில் கிக்கும் பேஸும் முழுதாக வந்து விழும் இடம். அவ்வளவுதான் விமர்சனம். அந்த இடத்தில் 16 பாரை வெட்டினேன், பாட்டு நிமிர்ந்தது. விசித்திரம் என்னவென்றால், சில நாள் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதுகூட இல்லை. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கேட்கும்போதே, எந்த இடம் சலிப்பு என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. வீட்டில் நூறு முறை கேட்டும் தெரியாதது அது. இணையத்தில் கருத்துக் கேட்டால் "அருமை" என்று வரும், அல்லது ஒன்றும் வராது.

வீட்டுப் பக்கம் பேசுபவர்களிடம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. இந்த இசையை உருவாக்கியவர்கள் யாரும் அதற்கென்று பட்டம் வாங்கியவர்கள் அல்லர். 1981-இல் ரோலண்ட் நிறுவனம் டிபி-303 கருவியைக் கொண்டுவந்தது பேஸ் கிட்டாருக்கு மாற்றாக. அது விலைபோகவில்லை, சில வருடங்களில் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். சிகாகோ இளைஞர்கள் அதைப் பழைய சாமானாக வாங்கி, குமிழ்களைத் தாறுமாறாகத் திருகி, ஆசிட் ஹவுஸ் என்ற வகையையே பிறப்பித்தார்கள். எந்த ஆசிரியரும் அப்படித் திருகச் சொல்லியிருக்க மாட்டார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்களிடம் மியூசிக் பாக்ஸ் என்ற கிளப் இருந்தது. வீட்டில் பதிவு செய்த டேப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அங்கே டிஜேயாக இருந்த ரான் ஹார்டி அதைப் பெரிய ஒலிபெருக்கிகளில் போடுவார். கூட்டம் ஆடியதா, ஓரமாக ஒதுங்கியதா என்று அங்கேயே தெரிந்துவிடும். அறையும் காதுகளும் அவர்களுக்கு அங்கே கிடைத்தன. உங்கள் டேப்பை அப்படிப் போட யாராவது இருந்தால் பல்கலைக்கழகம் தேவையில்லை. எனக்கு யாரும் இருக்கவில்லை.

மேடை அனுபவமும் இதன் தொடர்ச்சிதான். பருவ முடிவில் ஆளுக்கு முக்கால் மணி நேரம் வாசிக்க வேண்டும். எனக்கு முன்னால் வாசித்தவர் 134-இல் முடித்துவிட்டுச் சிரித்தபடி இறங்கினார். என் முதல் பாட்டு 124. அந்தப் பள்ளத்தைக் கூட்டத்தின் முன்னால் எப்படி இறங்குவது என்று எந்தக் காணொளியும் காட்டவில்லை. இன்னொன்றும் அன்றுதான் புரிந்தது. 34 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 200 மில்லிநொடி தாமதமாக வருகிறது. 128 வேகத்தில் ஒரு துடிப்பே ஏறத்தாழ 469 மில்லிநொடிதான். கூடத்துக்குக் காது கொடுத்தால் தாளம் நழுவும், பக்கத்திலுள்ள மானிட்டர் ஒலிபெருக்கியைத்தான் நம்ப வேண்டும். அதே இரவில், அகலமாக ஒலிக்கட்டும் என்று இடமும் வலமுமாக விரித்து வைத்திருந்த என் பேஸ், இடதையும் வலதையும் ஒன்றாகக் கலந்து மோனோவில் ஓடிய அந்த அமைப்பில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போனது.

வேலை விஷயத்தில் நான் அதிகம் பேச முடியாது. எனக்கு வாய்ப்பு தந்தவர்கள் யாரும் பட்டத்தைக் கேட்கவில்லை, பாட்டைத்தான் கேட்டார்கள். ஆனால் அந்த வாய்ப்புகளில் பாதி, கூடப் படித்தவர்கள் வழியாக வந்தவை. நான் பார்த்தது ஒரே ஒரு பல்கலைக்கழகம். கேட்பு வகுப்பு இல்லாத இடத்தில் சேர்ந்திருந்தால் இந்தக் கட்டுரையைத் தலைகீழாக எழுதியிருப்பேன். ஆறு மாதக் குறுகிய படிப்புகளில் நான் சேர்ந்ததில்லை, அவற்றைப் படித்தவர்களிடம்தான் விசாரிக்க வேண்டும்.

சேரப் போகிறவர்கள் கருவிப் பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டாம். சேருமுன் ஒரு கேட்பு வகுப்பில் பின்வரிசையில் உட்கார அனுமதி கேளுங்கள். ஸ்டுடியோ இரவில் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்றும் மாணவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள், அலுவலகத்தில் அல்ல.