ஓட்டல் வரியா, தலைக்கு 35 டாலரா?

உள்ளூர்க் கலைக்கு நகராட்சி பணம் தரவேண்டும், சரி, அதை யாரிடம் வாங்குவது? சான் பிரான்சிஸ்கோ 1961-லேயே வெளியூர்க்காரர் பக்கம் கை நீட்டிவிட்டது: ஓட்டலில் தங்குபவர் கட்டும் வரியில் ஒரு பங்கு நாடகம், நடனம், இசைக் குழுக்களுக்கு மானியமாகப் போகிறது, 2018-ல் வாக்கெடுப்பு வைத்து அந்தப் பங்கை உறுதியும் செய்துகொண்டார்கள். உள்ளூர்க்காரருக்கு வலிக்காது. ஆனால் 2020-ல் கொரோனா வந்து அறைகள் காலியானதும் வருமானம் சரிந்தது, அதுவும் அரங்குகள் பூட்டிக்கிடந்த அதே நேரத்தில்.

அமெரிக்காவின் இன்னொரு நகரமான போர்ட்லாந்தில் 2012-ல் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்தது, வருமானமுள்ள பெரியவர்களிடம் தலைக்கு 35 டாலர் கலை வரி (வறுமைக் கோட்டுக்குக் கீழே என்றால் விலக்கு). முதலில் தொடக்கப் பள்ளி ஓவிய, இசை ஆசிரியர்களுக்கு, அப்புறம் மிச்சம்தான் கலைக் குழுக்களுக்கு. கோடீசுவரரும் கடைப் பையனும் ஒரே தொகை கட்டுவது உறுத்துகிறது. எனக்கென்னவோ ஓட்டல் வரிதான் பிடிக்கிறது, நல்ல வருடத்தில் கொஞ்சம் ஒதுக்கிவைத்தால்.