டீசல் மோசடிக்குப் பின்: திருப்பிக் கொடுத்தவர், திருத்தியவர், தொடவிடாதவர், வழக்காடியவர்

2015 செப்ரெம்பர் 18 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் வொக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் மோசடியைப் பகிரங்கப்படுத்தியது. பரிசோதனையின்போது மட்டும் நச்சு வாயுவைக் குறைத்துக் காட்டிய அந்த ஏமாற்று மென்பொருள் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வாகனங்களில் இருந்ததாக நிறுவனமே சில நாட்களில் ஒப்புக்கொண்டது. யாழ்ப்பாண வீதிகளில் அந்தக் கார்களைக் காண்பது அரிது. ஆனால் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் மறுபாதி வாழ்கின்ற ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஜேர்மனிய நகரங்களிலும் அவை அன்றாடம் ஓடியவை. ஏமாற்று ஒன்றாக இருந்தும் பரிகாரம் ஒன்றாக இருக்கவில்லை. ரொறன்ரோவில் உள்ள அண்ணன் காரைக் கொடுத்துவிட்டு அதன் விலையையும் அதற்கு மேலும் பணத்தையும் பெற்றுக்கொள்ள, லண்டனில் உள்ள தங்கைக்கு ஒரு மென்பொருள் மாற்றம் மட்டுமே கிடைத்தது. அந்த உரிமையாளர்கள் எடுத்த வெவ்வேறு முடிவுகளை அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். டீசல் வாகனத்தை நம்பித் தொழில் செய்கின்ற நம் ஊரவருக்கும் அதில் எடுத்துக்கொள்ள வேண்டியவை பல உள்ளன.

ஏமாற்று எங்கே நிகழ்ந்தது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். டீசல் என்ஜினுக்குள் எரிதல் வெப்பம் கூடும்போது வலுவும் எரிபொருட் சிக்கனமும் கூடுகின்றன. கூடவே நுரையீரலைப் பாதிக்கின்ற நைதரசன் ஒட்சைட்டு வாயுக்களும் கூடுகின்றன. அவற்றைக் குறைப்பதற்கு, வெளியேறும் வாயுவில் ஒரு பகுதியை ஈஜிஆர் வால்வின் வழியாக மீண்டும் என்ஜினுக்குள் அனுப்பலாம். வினையூக்கியில் பிடித்து வைத்து இடையிடையே மேலதிக டீசலைச் செலுத்திச் சுத்தம் செய்யலாம். அல்லது யூரியாக் கரைசலைத் தெளிக்கலாம். முதலாவதில் கரி படிகிறது, இரண்டாவதில் டீசல் கூடுதலாகச் செலவாகிறது, மூன்றாவதில் கரைசலை அடிக்கடி நிரப்ப வேண்டியிருக்கிறது. வொக்ஸ்வாகனின் மென்பொருள், ஸ்டியரிங்கின் நிலை, வேகம், ஓடிய நேரம், காற்றழுத்தம் ஆகியவற்றைக் கொண்டு கார் பரிசோதனை உருளைகளின் மேல் ஓடுகிறதா என்று கண்டறிந்து, அங்கே மட்டும் கட்டுப்பாடுகளை முழுமையாக இயக்கியது. மேற்கு வேர்ஜினியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளவீட்டுக் கருவிகளைக் காருக்குள்ளேயே ஏற்றி வீதியில் ஓடிப் பார்த்து 2014 இல் வெளியிட்ட அறிக்கையில், வொக்ஸ்வாகனின் ஜெற்றா கார் அனுமதிக்கப்பட்ட அளவைப் போல 15 முதல் 35 மடங்கும், பசாற் கார் 5 முதல் 20 மடங்கும் நைதரசன் ஒட்சைட்டை வெளியிட்டதாகப் பதிவாகியிருந்தது.

ஆகவே உரிமையாளர் வீதியில் அனுபவித்த இழுவைக்கும் சிக்கனத்துக்கும் உரிய விலையின் ஒரு பகுதியை அயலவர் தம் மூச்சுக்காற்றினால் செலுத்திக்கொண்டிருந்தனர். ஒவ்வொரு தெரிவையும் எடைபோடும்போது உரிமையாளரின் பணம், அவருடைய கார் என்ற இரண்டோடு மற்றவர் சுவாசிக்கும் காற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. இந்த மூன்றாவதை விட்டுவிட்டுச் செய்யப்படும் ஒப்பீடு எதையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அமெரிக்க உரிமையாளர்களின் கோபம் தனித்தன்மை கொண்டது. அவர்களில் பலர் இந்தக் காரை வாங்கியதே சுற்றாடலுக்கு நல்லது என்று நம்பித்தான். ‘சுத்தமான டீசல்’ என்ற விளம்பரமும், ஜெற்றா டீசல் காருக்கு 2009 ஆம் ஆண்டின் பசுமைக் கார் என்று வழங்கப்பட்டுப் பின்னர் மீளப்பெறப்பட்ட விருதும் அந்த நம்பிக்கையை வளர்த்திருந்தன. நல்லது செய்வதாக எண்ணிக் கூடுதல் பணம் கொடுத்தவர் தம் பிள்ளைகள் படிக்கும் பாடசாலை வாசலிலேயே நஞ்சைக் கக்கிக்கொண்டு நின்றிருக்கிறார் என்று தெரியவந்தபோது எழுந்த சீற்றத்தை, மறுவிற்பனை விலை வீழ்ச்சியடைந்த கவலையோடு மட்டும் சேர்த்துக் கணக்கிட முடியாது. 2015 நவம்பரில் நிறுவனம் 500 டொலர் முற்பண அட்டையையும், முகவர் நிலையத்தில் மட்டும் செல்லுபடியாகும் இன்னொரு 500 டொலரையும் நல்லெண்ணமாக வழங்க முன்வந்தது. அதைப் பெற்றுக்கொண்டவர்களுக்கும் அது போதவில்லை.

2016 ஒக்ரோபர் 25 ஆம் திகதி நீதிபதி சார்ள்ஸ் பிரையர் இறுதி அங்கீகாரம் அளித்த, 1,470 கோடி டொலர் வரையிலான தீர்வு, 2.0 லீற்றர் என்ஜின் கொண்ட ஏறத்தாழ 475,000 கார்களின் உரிமையாளர்களுக்கு இரண்டு வழிகளைத் திறந்தது. ஒன்று, மோசடி வெளியாவதற்கு முன்பிருந்த சந்தை விலைக்குக் காரைத் திருப்பிக் கொடுப்பது. மற்றது, அங்கீகரிக்கப்பட்ட திருத்தத்தைச் செய்துகொண்டு காரை வைத்திருப்பது. எதைத் தெரிவு செய்தாலும் பெரும்பாலானோருக்கு 5,100 முதல் 10,000 டொலர் வரை தனியாக இழப்பீடு கிடைத்தது. கனடாவிலும் ஏறத்தாழ இதே வடிவத்தில், 105,000 கார்களுக்கு 210 கோடி கனேடிய டொலர் வரையிலான தீர்வு ஏற்பட்டது.

அமெரிக்காவில் கோரிக்கையை முடித்தவர்களுள் 86 வீதத்துக்கும் அதிகமானோர் காரையோ குத்தகையையோ திருப்பிக் கொடுக்கும் வழியையே தெரிவு செய்தனர் என்று அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு 2020 இல் அறிவித்தது. இதை வெறும் பண ஆசை என்று கொள்வது தவறாகும். திருத்தம் ஒன்று வரும் என்ற உறுதி அப்போது இருக்கவில்லை. 2015 ஆம் ஆண்டு மாதிரிகளுக்கான முதல் திருத்தமே 2017 ஜனவரியில்தான் அங்கீகாரம் பெற்றது. ஏமாற்றியவனே செய்து தரும் திருத்தத்தை எப்படி நம்புவது என்ற கேள்வியும் நியாயமானது. ஏனென்றால் 2014 டிசெம்பரில் இதே நிறுவனம் ஒரு மென்பொருள் மாற்றத்தைச் செய்து குறை தீர்ந்துவிட்டது என்று கூறியிருந்தும், கலிபோர்னியாவின் காற்று வளச் சபை மறுபடி பரிசோதித்தபோது அது தீர்ந்திருக்கவில்லை. திருப்பிக் கொடுக்கப்பட்ட கார்கள் மிச்சிகனில் கைவிடப்பட்ட சில்வர்டோம் விளையாட்டரங்கிலும் கலிபோர்னியாவின் விக்ரர்வில் பாலைவன நிலத்திலும் வரிசை வரிசையாக நிறுத்தப்பட்டன; திருத்தம் செய்யப்படாமல் அவை மறுபடி விற்பனைக்கு வர முடியாது. ஒப்படைப்பதற்கு முன் கதவுகளையும் இருக்கைகளையும் விளக்குகளையும் கழற்றி விற்ற சிலரும் இருந்தனர்; நீதிபதி அதைக் கண்டித்தார். அது சரியான கண்டனமே. ஆனால் அந்தச் சிலரைக் காட்டி மற்றெல்லோரையும் பேராசைக்காரர் என்பது பொருந்தாது.

திருத்தத்தைத் தெரிவு செய்த சிறுபான்மையினர் காரின் மேல் உண்மையான பற்று உடையவர்கள். நீண்ட பயணத்தில் ஒரு தாங்கி டீசலில் நெடுந்தூரம் ஓடக்கூடிய அந்தக் காருக்கு ஈடாக வேறொன்றை அவர்கள் காணவில்லை. இழப்பீட்டுப் பணமும் நீடித்த உத்தரவாதமும் கிடைத்ததால் இவர்களுக்கு நட்டமில்லை. காற்றுக்கும் முன்னையதை விட நல்லது. 2017 இல் திருத்தப்பட்ட கார்களை நிறுவனம் மறுபடி விற்கத் தொடங்கியபோது அவற்றை வாங்க ஆட்கள் இருந்தனர் என்பது, இந்தத் தெரிவு பலர் எண்ணியது போல மோசமானதல்ல என்பதற்குச் சான்றாகும்.

ஐரோப்பாவில் பாதிக்கப்பட்ட 85 இலட்சம் கார்களின் நிலை இதற்கு நேர்மாறானது. ஐரோப்பிய வரையறைகள் அமெரிக்க வரையறைகளை விடத் தளர்வானவை; அக்கால டீசல் கார்களுக்குரிய யூரோ 5 தரம் கிலோமீற்றருக்கு 180 மில்லிகிராம் நைதரசன் ஒட்சைட்டை அனுமதித்தது, அமெரிக்க எல்லையோ ஏறத்தாழ 43 மில்லிகிராம் மட்டுமே. எனவே அங்கே மலிவான திருத்தமே போதும் என்று நிறுவனம் வாதிட்டது. 2.0, 1.2 லீற்றர் என்ஜின்களுக்கு மென்பொருள் மாற்றம், 1.6 லீற்றர் என்ஜினுக்கு அதனுடன் காற்றளவைக் கருவிக்கு முன்னால் பொருத்தும் ஒரு பிளாஸ்ரிக் வலைத்துண்டு. இழப்பீடு எதுவும் இல்லை.

இந்தத் திருத்தத்தைச் செய்துகொண்டவர்களில் பெரும்பாலானோர் மாற்றம் எதையும் உணரவில்லை. ஆனால் பிரித்தானியாவில் கணிசமானோர், திருத்தத்துக்குப் பின் கார் ஓடும்போதே வலுவிழந்தது, ஈஜிஆர் வால்வு அடைத்துப் பழுதானது, டீசல் கூடுதலாகச் செலவாகிறது என்று முறையிட்டனர். திருத்தத்தால் பழுது ஏற்படவில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆயினும் திருத்தத்துடன் தொடர்புபட்ட சில பாகங்களின் பழுதுகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு நல்லெண்ணமாகக் கவனிக்கும் திட்டமொன்றை அது அறிவிக்க வேண்டியதாயிற்று. தொழில்நுட்ப அடிப்படையில் முறைப்பாட்டாளர்களின் அச்சம் காரணமற்றதென்று எனக்குத் தோன்றவில்லை. முன்பு குறைவாக இயங்கிய வால்வு இப்போது கூடுதலாக இயங்கினால் அதில் கரி கூடுதலாகப் படியும் என்பதை எந்த டீசல் மெக்கானிக்கும் சொல்வார்.

இந்தக் கதைகளைக் கேட்ட பலர் காரைத் தொடவிடாமல் வைத்துக்கொண்டனர். பிரித்தானியாவில் திருத்தம் விருப்பத்துக்குரியதாக இருந்ததால் அங்கே அது எளிது. ஜேர்மனியில் மத்திய மோட்டார் போக்குவரத்து அதிகாரசபை திருத்தத்தைக் கட்டாயமாக்கியிருந்தது. மறுத்தவர்களில் சிலரின் கார்கள் வீதியில் ஓடுவதே தடை செய்யப்பட்டது. ‘ஏமாற்றியது அவன், என் கார் நன்றாக ஓடுகிறது, நான் எதற்காக அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?’ என்ற இவர்களின் வாதத்தில் பணத்துக்கும் காருக்கும் மட்டுமே இடமிருக்கிறது, காற்றுக்கு இடமில்லை. இழப்பீடு தராமல் பழுதுச் செலவையும் உரிமையாளரின் தலையில் ஏற்றிய நிறுவனமே இந்த நிலைக்கு முதற்பொறுப்பு என்பதை மறுக்க முடியாது. ஆனாலும், தெரியாமல் நஞ்சு கக்கிய காருக்கும் தெரிந்தும் கக்குகின்ற காருக்கும் இடையில் உள்ள வேறுபாடு உரிமையாளருடையது. நான்கு தெரிவுகளில் நான் ஆதரிக்காதது இது ஒன்றைத்தான்.

வழக்குக்குப் போனவர்களுக்குப் பொறுமை வேண்டியிருந்தது. ஜேர்மனியில் நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு நடத்திய மாதிரி வழக்கு 2020 பெப்ரவரியில் 83 கோடி யூரோத் தீர்வில் முடிந்து, ஏறத்தாழ 260,000 பேருக்குக் காரின் வகையையும் வயதையும் பொறுத்து 1,350 முதல் 6,257 யூரோ வரை வழங்கியது. தனியே வழக்காடிய ஒருவரின் ஷரான் காரைப் பற்றி அதே ஆண்டு மே 25 ஆம் திகதி ஜேர்மனியின் மத்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்னும் வலியது. அவர் 2014 இல் 31,490 யூரோவுக்கு வாங்கிய பாவித்த காரைத் திருப்பிக் கொடுத்து, ஓடிய தூரத்துக்குரிய கழிவு போக ஏறத்தாழ 25,600 யூரோவைப் பெறும் உரிமையை அது உறுதிப்படுத்தியது. ஆனால் அந்தக் கழிவுதான் நீண்டகாலம் காத்திருந்தவர்களின் எதிரி. தூரம் கூடக் கூடக் கிடைக்கக்கூடிய தொகை கரைந்துகொண்டே போகும் என்பதும், அது முற்றாகவே இல்லாமற் போகலாம் என்பதும் அதே ஆண்டு ஜூலையில் வந்த தீர்ப்புகளில் தெளிவாயின. பிரித்தானியாவில் 91,000 பேர் 2022 மே மாதத்தில் 19.3 கோடி பவுண் தீர்வைப் பெற்றனர். பொறுப்பை ஏற்காமலேயே நிறுவனம் அதைக் கொடுத்தது. சராசரியாக ஒருவருக்கு 2,100 பவுண் அளவில் வருகின்ற அத்தொகை ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழித்துக் கைக்கு வந்தது. காற்றைப் பொறுத்தவரை, வழக்கு முடியும்வரை கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

என் கணிப்பில், அமெரிக்க வடிவத்திலான திருப்பிக் கொடுத்தலே எல்லாவற்றிலும் மேலானது. பணத்தோடு கூடிய திருத்தம் அதற்கு மிக நெருங்கிய இரண்டாவது. ஆனால் அந்த முதலிடம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: கொடுத்த காருக்குப் பதிலாக இன்னொன்றை வாங்கக்கூடிய சந்தை இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இதை எண்ணிப் பார்த்தால் நிலைமை தலைகீழாகிறது. 2020 மார்ச் முதல் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த நாட்டில், பழைய ஹையேஸ் வானுக்கும் பட்டா எனப்படும் சிறிய லொறிக்கும் கூட விலை ஏறிக்கொண்டே போனது. ஓடுகின்ற வானைத் திருப்பிக் கொடு என்றால் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றுகின்றவரும் மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோகின்றவரும் தொழிலுக்கு என்ன செய்வார்கள்? மேலும், யப்பானில் ஒருவர் பாவித்து, ஏலத்தில் விற்கப்பட்டு, இறக்குமதியாளர் வழியாக வந்த வாகனத்துக்கு யார் நட்டஈடு தருவது?

இது கற்பனைக் கேள்வியல்ல. 2022 மார்ச்சில் யப்பானின் லொறி, பஸ் தயாரிப்பு நிறுவனமான ஹினோ தன் என்ஜின்களின் புகைத் தரவுகளைத் திரித்ததை ஒப்புக்கொண்டது. 2024 ஜனவரியில், ரொயோட்டாவுக்கு டீசல் என்ஜின் செய்துகொடுக்கும் ரொயோட்டா இன்டஸ்ரீஸ் நிறுவனம் வலு அளவீட்டுப் பரிசோதனையில், விற்பனைக்கு வரும் வாகனங்களில் உள்ளதிலிருந்து வேறுபட்ட மென்பொருளைப் பயன்படுத்தியது வெளிவந்து, ஹையேஸ், ஹைலக்ஸ் உட்படப் பத்து மாதிரிகளின் விநியோகம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. பின்னையது புகை பற்றியதல்ல; பாவனையை நிறுத்தத் தேவையில்லை என்றும் அறிவிக்கப்பட்டது. ஆயினும் நம் வீதிகளில் ஓடும் வாகனக் குடும்பங்களின் பெயர்கள் அவை.

நம் உரிமையாளருக்கு உள்ள தெரிவுகள் கராச்சில்தான் இருக்கின்றன. இலங்கையில் 2008 முதல் நடைமுறைக்கு வந்த புகைப் பரிசோதனையில், நிற்கின்ற டீசல் வாகனத்தின் அக்சிலேற்றரை முழுதாக அமர்த்தி, வெளிவரும் புகையின் அடர்த்தியை அளக்கிறார்கள். கரும்புகையை அது பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத நைதரசன் ஒட்சைட்டை அது அளப்பதேயில்லை. ஈஜிஆர் வால்வில் கரி பிடித்து வான் இழுவை குறைந்ததும், வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்வதற்குப் பதிலாகத் தகடு ஒன்றை வைத்து அடைத்துவிடும் வழக்கம் உண்டு. அப்படி அடைத்தால் கரி குறையும், இழுவை கூடும், நைதரசன் ஒட்சைட்டும் கூடும்; புகைப் பரிசோதனையில் முன்னையதை விட நல்ல புள்ளியும் கிடைக்கும். ஜேர்மனியில் பொறியியலாளர்கள் மென்பொருளால் செய்ததை இங்கே உரிமையாளரே தகட்டினால், அதுவும் பணம் கொடுத்துச் செய்விக்கிறார். வரிப்பத்திரம் எடுப்பதற்கான சான்றிதழும் அவர் கையில் இருக்கிறது. வால்வைக் கழற்றிக் கழுவிப் பூட்டுவதற்கு ஆகும் செலவு தகட்டை விடக் கூடுதல்தான், அது மறுபடி அடைக்கவும் செய்யும். ஆனால் பாடசாலை வாசலில் பிள்ளைகளை ஏற்றுவதற்காக என்ஜினை நிறுத்தாமல் நிற்கின்ற வானுக்கு நான் அந்தச் செலவையே பரிந்துரைப்பேன்.